அருந்ததி தெரியாத மருமகள்

என் கல்யாணம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மி மிதித்து முடித்ததும் ஐயர் எங்களை வாசலுக்குக் கூட்டிவந்து, சுள்ளென்று அடிக்கிற காலை வெயிலில் வானத்தைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உடனே தெரிகிறது என்றார். நான் கண் கூச அண்ணாந்து நன்றாகத் தேடிவிட்டு, "தெரியலைங்க" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

மாமியார் முகம் கறுத்துப்போயிற்று. அன்றிலிருந்து வளவனூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எனக்கு இன்னொரு பெயர் வந்தது: அருந்ததி தெரியாதவள். பால் திரிந்தால் அதனால்தான். கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய் பிடிக்காவிட்டால் அதனால்தான். வீட்டுக்காரரும் நானும் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால், அன்றைக்கே தெரிந்ததுதானே என்று மாமியார் அடுப்படியிலிருந்தே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லாததை இருக்கிறது என்று சொன்னவர் நல்லவர், நான் மட்டும் ராசியில்லாதவளா?

அந்த நட்சத்திரத்தை என் கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எங்கே பார்த்தீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, மேற்கே பளபளத்த வெள்ளியைக் காட்டினார். இவரை நம்பிப் பயனில்லை என்று போனில் தேடிப் படித்தேன். சித்திரை, வைகாசியில் இருட்டியதும் வடக்கே ஏழு நட்சத்திரங்கள், குழம்புக் கரண்டியைக் கவிழ்த்தாற்போல நிற்கும். கரண்டிக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது, வசிஷ்டர். அவரை ஒட்டிப் பொடியாக இருப்பவள்தான் அருந்ததி.

தினமும் உலை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவேன். கரண்டி கிடைத்தது. வசிஷ்டரும் கிடைத்தார். அவர் பக்கத்தில்தான் யாரையும் காணோம். தெருவிளக்கு வேறு கண்ணைக் கூசவைத்தது. பிறகு ஒரு நாள் கோடை மழை பெய்து ஓய்ந்த கையோடு கரண்ட் போயிற்று. ஊரே விசிறியைத் தேடிக்கொண்டிருக்க, நான் மாடிப்படியில் இருந்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வசிஷ்டரை ஒட்டி ஒரு புள்ளி, அத்தனை தெளிவாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து மாமியாரைக் கூப்பிட்டேன்.

அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன புதுசு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பேஜாரு பிடித்த பெண் என்று முனகியபடியே ஏறி வந்தார். கரண்டியைக் காட்டினேன், காம்பைக் காட்டினேன், பொடிப் புள்ளியைக் காட்டினேன். கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முனகல் நின்றதிலேயே தெரிந்தது. கரண்ட் வரும்வரை அண்ணாந்தபடியே நின்றார். இறங்கும்போதுதான் சொன்னார்.

"நாங்கல்லாம் ஐயரு விரலத்தான்டி பாத்துக்கினு தலையாட்டுனோம்."

அதற்குப் பிறகு வீட்டில் பால் திரிந்தால், வெறுமனே பால் திரிந்தது.

இந்த வைகாசியில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம், அதே திண்டிவனத்தில். ஐயர் வெயிலில் விரலை நீட்டித் தெரிகிறதா என்றார். புதுப்பெண் திருதிருவென்று விழித்தாள். மாமியார்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. பொழுது சாயட்டும், எம் பெரிய மருமவ காட்டுவா."

பொழுது சாய்ந்தது. மண்டபத்து மாடியில் இரண்டு வீட்டுச் சனமும் என்னைச் சுற்றி நின்றது. நான் வடக்கே கையை நீட்டினேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

"வெரல பாக்காதீங்க, மேல பாருங்க" என்று ஒவ்வொருவரையாக அதட்டிக்கொண்டிருந்தார் என் மாமியார்.