பாதி மேசையும் பலாப்பழ வாசமும்

கதிர்காமத்து முருகன் மேல சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. பேட்டரி போட்டு இழுக்குற வேப்புக்கு ஊத்துற வாசன ஜூஸ கையால கலந்து விக்கிறவன் பொழப்பு, கல்யாண வீட்டு சமையக்காரன் பொழப்பு மாதிரி. நல்லா இருந்தா மாப்பிள்ள வீட்டப் புகழுவாங்க, வயித்த வலிச்சா மட்டும் நம்மளத் தேடுவாங்க. கவுண்டருக்குப் பின்னால நின்னு நின்னு காலு வீங்குன ஆளுங்க யாரும் இருந்தா, இது ஒங்களுக்குத்தான். மத்தவங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். தேயிலத் தோட்டத்து லயத்துலேருந்து எறங்கி வந்து, பதுளை பஸ் ஸ்டேண்டுக்கு மேல ஒரு போன் கடையில ஒட்டிக்கிட்டேன். முன்பக்கம் போன் கவரு, சார்ஜரு. உள்பக்கம் ஒரு மேச. அதுல எசன்ஸ் போத்தல், சின்னச் சின்ன காலிப் போத்தல், நானு. தோட்டத்து ஆளுங்க இந்த வேப்புக்கு வச்ச பேரு கரண்டு சுருட்டு. ஸ்கூல் புள்ளைங்க வந்தா தொரத்திருவோம். மத்த யாரு வந்தாலும் மொகத்தப் பாத்து கலந்து குடுப்பேன்.

மேசைக்கு நடுவுல டேப்பு

எங்க மொதலாளி முஸ்லிம் ஆளு, அண்ணேங்கிற மாதிரி நானான்னு கூப்புடுவோம். அவரு ஒரு தடவ கொழும்புக்குப் போயிட்டு மூணு பொட்டி நெறைய ரெடிமேட் ஜூஸோட வந்து எறங்குனாரு. புளூபெர்ரி ஐஸாம், டிராகன் பழமாம். அந்தப் பழத்தையெல்லாம் பதுளையில யாரு பாத்தா? ஆனா பொட்டி பளபளன்னு இருந்துச்சு. என் போத்தலப் பாத்தா இருமல் மருந்து மாதிரி இருந்துச்சு.

நானா ஒரு செகப்பு டேப்ப எடுத்தாரு. மேசைக்கு நடுவுல நீட்டா ஒட்டுனாரு. எடது பக்கம் நான் கலந்தது, வலது பக்கம் பொட்டி. "இது என்னா நானா, காணிய அளந்து பிரிக்கிறீங்களா?"ன்னு கேட்டேன். கலக்குறதத் தவிர எனக்கு வேற வேல தெரியாது, அது அவருக்கும் தெரியும். டேப்ப வெரலால அமுக்கி விட்டுக்கிட்டே சொன்னாரு:

"ரெண்டு மாசம் பாப்பம் குமாரு. எந்தப் பக்கம் தூசி படியுதோ, அந்தப் பக்கத்தத் தூக்கிருவேன்."

தைல வாசம்

அன்னையிலேருந்து நான் தொடைக்கிற துணியும் கையுமாத்தான் நின்னேன். ஹல்துமுல்லையிலேருந்து மரக்கறி லொறி ஓட்டுற அண்ணன் ஒருத்தரு மொதல்ல ரெடிமேட்டுல ஸ்ட்ராபெரி வாங்கிட்டுப் போனாரு. மறுநா கன்னம் வீங்கி வந்து நிக்கிறாரு. சட்டையில எவ சென்ட் வாசம்னு வீட்டுக்கார அக்கா வெளுத்துட்டாங்களாம். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். "இதுக்குத்தான் கையால கலக்கணும்ங்கிறது"ன்னு சொல்லி, சந்தேகமே வராத மாதிரி தைல வாசத்துல ஒண்ணு கலந்து குடுத்தேன்.

நாலு நா கழிச்சு வந்தாரு, கையில கிளினிக் கார்டு. தைலம் தேய்க்கிற அளவுக்கு இந்த மனுசனுக்கு என்னமோ சீக்குன்னு அக்கா அழுது, பெரியாஸ்பத்திரியில காலையிலேருந்து லைன்ல நிக்க வச்சு, ரத்தமெல்லாம் எடுத்துட்டாங்க. லொறியில கெடந்த கோவா மரக்கறியெல்லாம் அழுகிப் போச்சு. அவரு கோவமே படல, ரொம்பக் களைச்சுப் போய்ச் சொன்னாரு:

"மொத வாசத்துக்கு அடிச்சா, ரெண்டாவதுக்கு ஆஸ்பத்திரி. மூணாவதா ஒண்ணு கலந்து குடு தம்பி, என்னைய சும்மா விடுற மாதிரி."

கேக்கு எசன்ஸ்

ரெண்டு பக்கமும் வேணாம்னு தானே கலக்குற ஆளுங்களும் இருக்காங்க. பேக்கரியில வேல செய்ற ஒருத்தன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்தான். இருமுறான், இருமுறான், நிக்கவே இல்ல. "என்னாடா ஊத்துன?"ன்னு கேட்டா போத்தலக் காட்டுறான். தெறந்தா கல்யாண கேக்கு வாசம். வெண்ணிலா எசன்ஸு, அதுக்கு மேல கொஞ்சம் தேங்கா எண்ணெ.

"எண்ணெ நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும்டா, இது வெசம், மொதல்ல டொக்டர்கிட்ட ஓடு"ன்னு சொல்லி, அந்தப் போத்தல வாங்கி சாக்கடக் காணுல ஊத்திட்டேன். ஆட்டோவுல ஏத்தி விட்டதும் நாந்தான். ஏறி ஒக்காந்தும் அவனுக்கு நியாயம் பிடிபடல:

"கேக்குல போட்டா நீங்க எல்லாரும் திங்கிறீங்க, நான் இழுத்தா மட்டும் வெசமா?"

கடைக்குள்ள வந்து என் போத்தல மோந்து பாத்தேன். நான் கலக்குறதுல மட்டும் என்னா அமிர்தமா இருக்கு?

உப்பில்லாத சம்பல்

கலக்குறவன் ருசி பாக்கணும்ல. காலையில மாம்பழம், பத்து மணிக்கு ஏலக்கா, மத்தியானம் கோப்பி. நாக்கு செத்துப் போச்சுங்க. ஒருநா ராத்திரி ரொட்டியும் சம்பலும் தின்னுட்டு, "சம்பல் நல்லாருக்கு"ன்னேன். எம் பொண்டாட்டி தட்ட எடுத்துக்கிட்டே சொன்னா:

"மூணு நாளா உப்பே போடல. எப்பக் கண்டுபிடிப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

சந்தனம் அண்ணன் ஸ்பெசல்

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயில பெக்டரியில ரோலர் மிசின் ஓட்டுறவரு சந்தனம் அண்ணன். பீடிய விட்டுட்டு வேப்புக்கு வந்தவரு. வந்தவரு நேரா டேப்புக்கு அந்தப் பக்கம் கைய நீட்டி, வாசமே இல்லாத பொட்டி ஒண்ண எடுத்தாரு. அந்த வாரம் தூசி எல்லாம் என் பக்கந்தான்.

"அத வையுங்கண்ணே. ஒங்களுக்குன்னே ஒண்ணு கலந்து தாரேன். என்னா புடிக்கும்?"

"பலாப்பழம்னா எனக்கு உசுருப்பா. ஆனா பெக்டரிக்குள்ள வாசம் ஆகாதே."

அது நெசந்தான். அரைச்சுப் பரப்பி வச்ச கொழுந்து பக்கத்துல எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கும். தலைக்கு வாசன எண்ணெ வச்சிட்டு வந்தாலே கேட்டுல நிப்பாட்டிருவாங்க. லயத்துல பொறந்த எனக்கு இது தெரியாதா? தெரிஞ்சும் வாய் கூசாமச் சொன்னேன்: "இது பொகை இல்லண்ணே, வெறும் ஆவி. எங்கயும் ஒட்டாது." எசன்ஸ வழக்கத்துக்கு ரெண்டு மடங்கா ஊத்துனேன். போத்தல்ல பேப்பர் ஒட்டி, பேனையால "சந்தனம் அண்ணன் ஸ்பெசல் - குமாரு"ன்னு எழுதுனேன். பொட்டிய வச்சிட்டாரு. எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு சிரிச்சாரு:

"பெக்டரியில எனக்குன்னு ஒரு கோப்ப கூட இல்ல தம்பி, இதுல பேரே போட்டுட்டியே."

டீமேக்கர் ஊத்துன டீ

பத்து நா இருக்கும். அந்தப் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே கடைக்கு வந்துட்டாரு. சுடுதண்ணிப் போத்தலத் தெறந்து, தூளப் போட்டு, ஒரு கோப்ப டீய நானா கையில குடுத்தாரு. நானா ஒரு மொடக்கு குடிச்சிட்டு, "நல்லா ஈக்கி. பலாச்சொளை தின்ன மாதிரி ஈக்கி"ன்னாரு.

"ஒரு நா அரைச்ச தூளு முழுக்க இப்படித்தான் இருக்கு. அத்தனையும் ஒதுக்கியாச்சு."

டீமேக்கர் இதச் சொல்லிட்டு, சந்தனம் அண்ணனுக்கு நான் கலந்து குடுத்த போத்தல மேச மேல வச்சாரு. என் எழுத்து மேல பாத்துக்கிட்டு இருக்கு. "ஒட்டாதுன்னு கடையில சொன்னாங்கன்னு சந்தனம் சொல்றான். நெசமா, இல்ல அளக்குறானா? அளந்தான்னா இன்னையோட வீட்டுக்கு அனுப்பிருவேன்."

நானா என்னையப் பாத்தாரு. இல்லன்னு தலைய ஆட்டச் சொல்லுது கண்ணு. ஆட்டிருந்தா என் பாதி மேச நின்னுருக்கும். சந்தனம் அண்ணன் இன்னும் பெக்டரி வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாராம்.

"நான்தான் சொன்னேங்க. ஒட்டும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

டீமேக்கர் மிச்ச டீய காணுல ஊத்தி, மூடியத் திருகுனாரு:

"நீ பெக்டரிப் பக்கம் வந்துராத. அவன வெறகு அடுக்குற மடுவத்துல போட்டுக்கிறேன், வேல போகாது."

அவரு தல மறைஞ்சதும் நானா டேப்ப உரிச்சாரு. ஒரே இழுப்பு. என் போத்தல எல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கட்டிட்டு, வையாம, சத்தம் போடாமச் சொன்னாரு:

"ரெடிமேட்டுல எவன் பேரும் இல்ல குமாரு. எவனும் டீயத் தூக்கிக்கிட்டு வரவும் மாட்டான்."

இப்ப

என்னைய வெரட்டல. போனுக்குக் கண்ணாடி ஒட்டுற ஸ்டூல்ல ஒக்கார வச்சிருக்காரு. பத்து ஒட்டுனா நாலுல காத்துக் கொப்புளம் நிக்கிது. மேச முழுக்கப் பொட்டி. போன கெழம சந்தனம் அண்ணன் வந்தாரு, தலையெல்லாம் வெறகுத் தூளு. அதே போத்தல் ஒண்ணு வேணும்னாரு. கலக்குறத நிப்பாட்டியாச்சுன்னு சொல்லி, டிராகன் பழத்த எடுத்துக் குடுத்தேன். பொட்டிய உருட்டி உருட்டிப் பாத்தாரு:

"வெறகு மடுவத்துல எந்த வாசத்துக்கும் தடையில்ல தம்பி. தடையில்லாத எடத்துல நான் வந்து நிக்கிறேன், கலக்குறவன் நீ இங்க கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்க."

கையால கலந்தா குத்தம் சொல்ல ஒரு ஆளு இருக்கான், பொட்டியில வந்தா அந்த ஆளு இல்ல, நாலு வருசம் மோந்து பாத்து நான் கண்ட வித்தியாசம் அம்புட்டுத்தான்.

சரி, ஓசியிலயே கடைசி வரைக்கும் கேட்டுட்டீங்க. ஆளுக்கு ரெண்டு பருப்பு வட வாங்கி வச்சிட்டு எந்திரிங்க, நழுவப் பாத்தா ஒங்க போனுக்கு நான்தான் கண்ணாடி ஒட்டுவேன்.