நித்யா இல்லாத ஒன்பதாம் வகுப்பு

இன்று சிங்கப்பூரில், தேக்கா பேருந்து நிறுத்தத்தில் செல்வம் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் மலைக்கிராமத்துக்காரர். இங்கே கப்பல் பட்டறையில் வேலை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்கக் காட்டுவழியாகக் கீழே இறங்க வேண்டும் என்பதால், பெண்பிள்ளைகளை அதோடு நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கக் கேட்டு, செல்வம் அண்ணனின் மகள் நித்யா பேசிய வீடியோவை அண்ணனும் நானும்தான் எல்லோருக்கும் அனுப்பினோம். "நான் பத்தாவது படிக்கணும்" என்று அவள் சொன்னதை அதிகாரிகள் வரை பார்த்தார்கள். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டது.

"நித்யா கிளாஸுக்குப் போறாளாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்ல தங்கச்சி, நிறுத்திட்டேன். அவ அம்மா எஸ்டேட் வேலைக்குப் போறா. வீட்டைப் பார்க்க ஆள் வேணும்ல."

"அப்ப அந்த வீடியோ?"

"அது ஊருக்காகப் பண்ணினது லா. பள்ளிக்கூடம் வந்துடுச்சில்ல? நாளைக்கு அவ தம்பி அங்கதான் படிப்பான்."

வகுப்பறைக்குப் பெயிண்ட் அடிப்பதைத் தினமும் போய்ப் பார்ப்பதாக நித்யா எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். அவளைப் பேசச் சொல்லித் தைரியம் கொடுத்ததே நான்தான்.

அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்: "பையனுக்கு நல்ல ஸ்கூல் பேக் எங்க கிடைக்கும்?"

அப்போது வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நான் குடியிருக்கும் தோ பாயோவுக்குப் போகாது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நல்ல கடை தெரிந்தவர்கள் அவருக்குச் சொல்லுங்கள். பையை இரண்டாக வாங்கவும் சொல்லுங்கள். நான் சொல்லி அவர் கேட்கப்போவதில்லை.