அமலி திரும்பப் போட்ட வசன அட்டை

1. கேள்வி

"ஏனுங்க, நீங்களும் ஒரு புள்ளயப் பெத்தவங்கதானுங்க. உங்க புள்ளையா இருந்தா அனுப்புவீங்களா?"

அமலி இப்படிக் கேட்டபோது பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அனுப்ப மாட்டேன். கட்டாயம் அனுப்ப மாட்டேன். அதைச் சொல்லாமல் விழுங்கியதைப் பற்றித்தான், இந்த ஆண்டு எங்களோடு பயிற்சிக்குச் சேரும் பெண்களுக்கு எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு தியான இல்லத்தில் ஆன்மிக வழித்துணையாக வேலை செய்கிறேன். ரிட்ரீட் டைரக்டர் என்றும் சொல்வார்கள். அமலியின் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். முதல் நாள் அமலியைக் கொண்டுவந்து விட்டபோது, "டைரக்டருங்கறாங்களே, என்ன படமுங்க எடுத்தீங்க?" என்று கேட்டார். இந்த வேலையில் சொல்வது குறைவு, கேட்பதுதான் அதிகம். வந்தவர் தன் மனதில் கடவுள் எந்தப் பக்கம் இழுக்கிறார், பயம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிரித்துப் பார்க்கும்வரை கூட உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் தேர்ந்து தெளிதல் என்கிறோம்.

அமலி மாரமங்கலத்திலிருந்து வாரம் ஒருமுறை வருவார். மகள் ஜெனிக்கு ஆறு வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. சேலத்தில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில், விடுதியோடு இடம் கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். மாமியார் கூடாது என்றார். கணவர், நீயே முடிவு செய் என்று ஒதுங்கிக்கொண்டார்.

நானோ, என் மூன்று வயது மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்தால் நிமிடத்துக்கொருமுறை போனைப் பார்க்கிறவள். இந்தக் கேள்விக்கு வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

"என் புள்ளைக்கு நான் சொல்ற பதிலு ஜெனிக்குப் பொருந்தாதுங்க" என்று மட்டும் சொன்னேன். அமலியின் முகம் வாடிவிட்டது. அன்று முழுவதும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு தாய் உதவி கேட்டு வந்தால் இப்படியா அனுப்புவது?

எங்களுக்கு மாதம் ஒருமுறை சூப்பர்விஷன் உண்டு, வழித்துணைகள் தங்கள் மனதில் நடப்பதைப் பேசிப் பார்க்கும் கூட்டம். அங்கே இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். நான் யாருக்காக அழுகிறேன் என்று உடன் வேலை செய்கிறவர் கேட்டார். ஜெனிக்காக அல்ல என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

2. வசனப் பெட்டி

அடுத்த வாரம் அமலி தெளிந்த முகத்தோடு வந்தார். சாமி முடிவு சொல்லிவிட்டது என்றார்.

எங்கள் பக்கம் பல கிறிஸ்தவ வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வசனப் பெட்டி இருக்கும். ஜெபித்துவிட்டு அதிலிருந்து பைபிள் வசனம் எழுதிய ஓர் அட்டை எடுப்பார்கள். வந்த வசனமே அன்றைய வாக்கு. அமலி எடுத்த முதல் அட்டை, பிள்ளைகள் வீட்டில் சூழ்ந்திருக்கும் ஆசீர்வாதத்தைப் பற்றியது. அதைத் திரும்பப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்திருக்கிறார். அது அறுவடையைப் பற்றியது, கேட்டதற்குப் பதிலில்லை. மூன்றாவது, பயப்படாமல் புறப்படச் சொன்னது. அதனால் அனுப்பிவிடலாம் என்றார்.

"மூணு சீட்டு ஆடறயான்னு அவரு கிண்டல் பண்றாருங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் அட்டையைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுதானே கடவுள் சொன்னது, ஏன் மாற்றினீர்கள் என்று சொல்ல வாயே திறந்துவிட்டேன். பேசுவது என் பயம் என்று உடனே அடையாளம் தெரிந்தது. அட்டையைக் கேலி செய்யவும் கூடாது, அதையே தீர்ப்பாக்கவும் கூடாது. அதை எடுத்தபோது மனதில் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

"மொத அட்டை வந்தப்ப எப்படி இருந்துச்சுங்க?"

"அப்பாடான்னு இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் திரும்பப் போட்டீங்க?"

பதிலை நானே எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். இந்த வேலையில் அதுதான் கடினம்.

"அந்த அப்பாடா எனக்குத்தானுங்க, ஜெனிக்கில்லீங்க" என்றார். "பசிச்சா எங்கையப் புடிச்சு அடுப்புக்கிட்ட இழுத்துட்டுப் போவா. நான் ஊட்ல இல்லீன்னா யாரு கையப் புடிப்பா? பள்ளிக்கூடம் போனாத்தான் வேணுங்கறதக் கேக்கக் கத்துக்குவா. அது எனக்கு நொம்ப நாளாத் தெரியுமுங்க."

அப்போதும் முடிவை எட்டிவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை மூடி வைக்கச் சொன்னேன். சில நாள், ஜெனி வீட்டிலேயே இருப்பாள் என்று முடிவெடுத்தவராக நடமாடிப் பார்க்க வேண்டும். பிறகு சில நாள், அனுப்ப முடிவெடுத்தவராக. மாலை ஜெபத்தில் மனதில் என்ன தங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

அதை முடித்துவிட்டு வந்தார். அனுப்புவதில்லை என்றிருந்த நாட்கள் முதலில் லேசாக இருந்தன, போகப்போக எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன் என்றார் அமலி. அனுப்புவது என்றிருந்த நாட்களில் அழுகை வந்தது. ஆனாலும் அந்த நாட்களில்தான் மாமியாரையும் உட்கார வைத்து, தண்ணீருக்கு ஒரு சைகை, சோற்றுக்கு ஒரு சைகை என்று ஜெனியோடு பழக ஆரம்பித்திருக்கிறார்.

"அனுப்பறேன்னு நாளைக்குச் சொல்லிடறனுங்க."

"பயம் போயிருச்சுங்களா?"

"போகலீங்க. எங்கூடவே இருந்துட்டுப் போகட்டும். அதுகிட்ட இனி ரோசனை கேக்க மாட்டனுங்க."

என்னைக் கேட்டால் நான் அனுப்ப மாட்டேன் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். இந்த வேலைக்குத் தைரியசாலிகள்தான் வர வேண்டும் என்றில்லை. உங்கள் பயத்தின் குரல் எது என்று தெரிந்திருந்தால் போதும், அது பேசத் தொடங்கும்முன் வாயை மூடிக்கொள்ளலாம். ஜெனியை அனுப்பலாமா என்று அமலி கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் பதில் போய் நிற்கவில்லை. அடுத்த தாய் வந்து கேட்டாலும், நாக்கு நுனிவரை வந்தாலும், விழுங்கத்தான் போகிறேன்.