அமலா அளந்த பனி

ஜெயங்கொண்டத்தில் விருத்தாசலம் பஸ்சுக்காக நின்றிருந்தபோது அமலாவின் தம்பி போன் செய்தார். “அக்கா காலையில போயிட்டாங்க மேடம். ஏலாக்குறிச்சியிலதான் அடக்கம்.” பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு அமலா இமயமலையில் பனி அளந்தவர். அரியலூரில் ஒரே கல்லூரியில் அவரோடு புவியியல் நடத்திய எனக்கோ, நான் ஆசைப்பட்ட இடத்தைப் பெற்றவர். பனி அளக்கும் ஆய்வுக்குழுவுக்கு இருவரும் விண்ணப்பித்தோம், அவரை எடுத்தார்கள். மார்ச் தோறும் அவர் மலைக்குப் போவார். அவருடைய வகுப்புகளை நான் எடுப்பேன்.

பெரம்பலூரில் ஒரு கூட்டத்தில் அரும்பாவூர் விவசாயி ஒருவர் கேட்டார்: “அங்க பனி குறைஞ்சா யாருக்கு என்னங்க நட்டம்?”

“உங்களுக்குக் கிணறு எப்படியோ, அங்க உள்ளவங்களுக்குப் பனி அப்படிங்க” என்றார் அமலா. “குளிர்ல சேர்ந்து, கோடையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா வரணும். இப்ப சூடு ஏறிப்போய், பனியா விழ வேண்டியது மழையா விழுந்து ஓடிடுது. விழுந்த பனியும் முன்னாடியே உருகிடுது. பயிர் தண்ணி கேக்கறப்ப ஓடை வத்திக் கிடக்கு.”

கூட்டம் அசையாமல் கேட்டது. இதையேதான் நானும் வருடக்கணக்கில் வகுப்பில் சொல்லிவந்தேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி அவருடைய அளவைக் குறிப்பேடுகளை வாங்கினேன். தப்பு தேடுவதுதான் நோக்கம். ஒன்று கிடைத்தது: ஓரிடத்தில் பனியின் ஆழம் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அவரிடம் தனியாகச் சொல்லாமல், துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

“ஆமாங்க, தப்புதான். நல்லவேளை பாத்தீங்க.”

திருத்தியபோது பனி இன்னும் குறைவு என்றே வந்தது. அறிக்கையில் என் பெயரைப் போட்டு நன்றி எழுதியிருந்தார். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நுரையீரல் கெட்டு மலையேற முடியாமல் போனபோது என்னை வீட்டுக்கு அழைத்தார். “இந்த வருஷம் நீங்க போங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்.”

“நீங்க விட்ட இடம் எனக்கு வேணாம்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. “இடம் என்னோடது இல்லீங்க. பனி இருக்கறப்பவே ஒருதரம் பாத்துட்டு வந்துடுங்க” என்றார். நான் போகவில்லை.

அமலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ‘பாத்துட்டு வந்துடுங்க’ என்ற அந்தப் பேச்சும், இன்னும் தணியாத பொறாமையும்தான். வரும் மார்ச்சில் மலைக்குப் போக ஆய்வுக்குழுவில் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் வருடம் இடுப்பளவுப் பனியில் நின்று அவர் அளந்த சரிவுக்கே போகிறேன். ஆனால் அந்தப் பனி அங்கே இருக்காது. அதைப் பார்த்தவர் அவர்; நான் இல்லை.