சதுர மூக்குக் கலியபெருமாள்

தூங்கியதற்காக ஒரு வேலையை இழந்து, தூங்குவதாலேயே இன்னொரு வேலையில் நல்ல பேர் எடுத்த மனிதர் புதுச்சேரி முதலியார்பேட்டையில் கலியபெருமாள் ஒருவர்தான். மில்லில் நூல் பார்த்துக்கொண்டிருந்தவரை விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று அவரை யாரும் கேட்கவில்லை. பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குக் கண் தானாகச் சொருகிவிடும். ஒருநாள் முதலாளியே இறங்கி வந்து, அவர் மடியிலிருந்த சாவியை எடுத்து, கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்டு, சாவியைப் பழையபடி மடியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேலை இல்லை.

ஓவியக் கல்லூரியில் தேடிக்கொண்டிருந்ததோ அப்படிப்பட்ட ஆளைத்தான். மாடலாக உட்கார வேண்டும், அசையக் கூடாது. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் கலியபெருமாள் அசைய மாட்டார். என்ன பொறுமை, என்ன பொறுமை என்று பிள்ளைகள் மெச்சினார்கள். குறட்டை கிளம்பினால் மட்டும் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, எந்தப் படத்திலும் அவர் அவராக இல்லை என்பதுதான். அந்த வருஷங்களில் கல்லூரிக்குள் நவீனக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. எழிலரசன் என்று ஒரு மாணவன், தாடி முளைக்கும் முன்பே தாடியைத் தடவப் பழகியவன், ஒரு குழுவைக் கட்டியிருந்தான். பாரீசில் நூறு வருஷத்துக்கு முன்னால் முகத்தை உடைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள், அது கியூபிசம் என்றான். அப்புறம் ஒரு கூட்டம் அர்த்தமே கூடாது என்றதாம். இன்னொரு கூட்டம் கனவைத்தான் வரைவோம் என்றதாம். ஒவ்வொரு கூட்டமும் முதலில் ஓர் அறிக்கை அச்சடித்து, அதில் முந்தின கூட்டத்தைத் திட்டுமாம்.

பாரீசு என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்களுக்குப் பென்ஷன் வருகிற ஊர் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்த கலியபெருமாளுக்கு, இந்தக் கதை கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

"எங்க மில்லுல சங்கம் உடைஞ்ச மாதிரிதான் தம்பி. மொதல்ல நோட்டீசு, அப்புறம் தனிக்கொடி. சாப்பாட்டு வேளைக்கு ரெண்டு கூட்டமும் ஒரே கடையில டீ குடிக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, அவர் விஷயத்தில் டீ வரைக்கும்கூட வரவில்லை. ஸ்டிரைக் காலத்தில் அவருடைய சங்கம் கையெழுத்துப் போட்டு உள்ளே போனது. மனைவி அமிர்தவல்லியின் அண்ணன் கோவிந்தராசுவின் சங்கம் கேட்டிலேயே நின்றது. உள்ளே போகிறவர்களில் தன் மாப்பிள்ளையையும் பார்த்த கோவிந்தராசு, "இனிமே உன் வூட்டு நல்லதுக்கு நான் படியேற மாட்டேன்" என்று கத்தினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, பேரன் காதுகுத்துக்கும் வரவில்லை.

இப்போது கலியபெருமாளுக்கு அறுபதாம் கல்யாணம். அமிர்தவல்லி ஒரே பிடியாக நின்றாள்.

"எங்க அண்ணன் கையால பொறந்த வூட்டுப் பொடவை வரணும். வராட்டி நான் மணையில ஒக்கார மாட்டேன். நீங்க மட்டும் ஒக்காந்து தாலி கட்டிக்குங்க."

முதல் பாக்கு கோவிந்தராசுவுக்குத்தான் வைத்து அழைத்தார்கள். அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். டிவி ஓடவில்லை. அமிர்தவல்லி வெற்றிலை பாக்கை வாசற்படியில் வைத்துவிட்டு, வழியெல்லாம் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். அவளை அப்படிப் பார்க்கக் கலியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. மில்லுக்குள் போனது தப்பில்லை என்று இத்தனை வருஷமும் வாதாடியவர், அன்று போகாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

விஷயத்தைக் கேட்ட எழிலரசன், "கவலைப்படாதீங்க ஐயா, எங்க குழு சார்பா உங்களுக்கு ஒரு பேனர் வைக்கிறோம்" என்றான். காதுகுத்துக்கும் கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் தெருவை அடைத்து டிஜிட்டல் பேனர் வைக்கிற ஊர் இது. கலியபெருமாள் முகம் இதுவரை எந்தப் பேனரிலும் வந்ததில்லை. மச்சான் தினமும் டீ குடிக்கப் போகிற முனையிலேயே வைத்தால், பார்த்துப் பார்த்து மனசு இளகாதா என்று கணக்குப் போட்டார்.

"மூக்கு மட்டும் சதுரமா வாணாம் தம்பி."

"அது கோணம் ஐயா" என்றான் எழிலரசன்.

பேனர் கட்டிய அன்று விடியற்காலையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் தாம்பாளத்தோடு சேதராப்பட்டு உறவுக்காரர்களுக்குப் பாக்கு வைக்கப் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு பேனர் எழுந்து நின்றது. குழுவின் கொள்கைப்படி கலர் கிடையாது, சாம்பலும் பழுப்பும்தான். எழுத்து வந்தால் ஓவியம் கெட்டுவிடுமாம். அதனால் வாழ்த்து இல்லை, தேதி இல்லை, பெயர் மட்டும் அடியில். மாடல் தூங்கினபடி இருந்தவர் என்பதால் கண்ணும் மூடியே இருந்தது.

புதுச்சேரிக்காரனுக்குப் பேனர் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்பும் மஞ்சளுமாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் நல்லது. சாம்பல் நிறத்தில் கண்மூடி இருந்தால் கண்ணீர் அஞ்சலி. மூக்கைப் பார்த்தவர்கள், "லாரியாத்தான் இருக்கும்" என்றார்கள். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்தவர்கள், உடம்பை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

காலை ஒன்பது மணிக்கு மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கிய கலியபெருமாள், தன் வீட்டு வாசலில் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக இருப்பதைக் கண்டார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் ஏன் பந்தல் என்று யோசித்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசா, ஒரு சொல் சொல்லாமப் போயிட்டியே" என்று பாடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோது குழாயடித் தண்ணிக்காக அவரைக் கேவலமாகப் பேசியவள் அவள். கேட்கக் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

பிறகுதான் படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். கோவிந்தராசு. பக்கத்தில் ஒரு ரோஜா மாலை, மடியில் ஒரு துணிப்பை. தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நல்லதுக்கு வராதவனும் கெட்டதுக்கு வந்தாக வேண்டும், புருஷனை இழந்த தங்கச்சிக்குக் கோடித்துணி கொண்டுவர வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

"மச்சான்" என்றார் கலியபெருமாள்.

குஞ்சம்மாளின் பாட்டு பாதியில் நின்றது. கோவிந்தராசு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை எல்லாரும் பார்த்தார்கள். உடனே அதைத் துடைத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"நீ சாவலையா? அப்ப எனக்கு இங்க இன்னா வேலை? கெட்டதுக்குத்தான் வந்தேன். நான் போறேன்."

அமிர்தவல்லி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். "குடுக்க வந்ததைக் குடுத்துட்டுப் போ."

"ஏய், அது கோடித்துணி. கையில எடுக்காத."

அவள் உதறிப் பிரித்தாள். அரக்கு நிறத்தில் பட்டுப் புடவை, ஜரிகைக் கரை. முந்தானை ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. தடவி நாளாகி, காய்ந்து, துணியோடு ஊறிப்போன மஞ்சள். சாவுக்குக் கொண்டுவரும் துணியில் உலகத்தில் யாரும் மஞ்சள் தடவ மாட்டார்கள்.

"இத எப்ப எடுத்தே அண்ணா?"

கோவிந்தராசு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "காலங்காத்தால எந்தக் கடை தொறந்திருக்கும்? பீரோவுல இருந்ததத் தூக்கியாந்தேன்" என்றார்.

அமிர்தவல்லி புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை மூக்கைச் சிந்தவில்லை.

கோவிந்தராசு மாலையை எடுத்தார். எழவு வீட்டுக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இங்கேயும் போடுவதற்குப் பிணம் இல்லை. சுற்றிலும் பார்த்தார். கடைசியில் கலியபெருமாளின் கழுத்தில் போட்டார்.

"ஆடாம நில்லு மாப்ள" என்றார். கலியபெருமாள் ஆடாமல் நின்றார், கண்ணை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு.