மங்கலாகத் தெரிந்த கோடு

அப்போது நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். சனிக்கிழமையானால் பஸ் பிடித்து உத்திரமேரூர் வந்துவிடுவேன்.

பழ ஈயின் உடம்பில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றியதுதான் என் வேலை. சில மரபணுக்களை வாய் திறக்கவிடாமல் அடக்கி வைக்கும் புரதம் அது. அது இல்லாத ஈக்கு வாரிசு கிடையாது. அதை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், எங்களுக்கு வேண்டியிருந்தது. புரதத்தை எலிக்கு ஊசி போட்டு, அதன் மண்ணீரல் செல்களைப் புற்றுநோய்ச் செல்களோடு இணைத்து, அதில் ஒரே ஒரு செல்லின் வம்சத்தைப் பிரித்து வளர்த்தோம். அந்த வம்சம் முழுக்க ஒரே ஆன்டிபாடியைச் சுரந்தது. ஈயின் சாற்றில் சோதித்ததும் எக்ஸ்ரே ஃபிலிமில் அந்தப் புரதத்தின் அளவுக்குரிய இடத்தில் சரியாகக் கோடு விழுந்தது.

எலியிடமும் அந்தக் குடும்பத்துப் புரதம் உண்டு என்பதால் எலியின் விந்தகச் சாற்றிலும் சோதித்தேன். அங்கேயும் ஒரு கோடு, ஆனால் எதிர்பார்த்ததற்குக் கீழே. ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவியான எங்கள் மேடம் ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"தன் உடம்புல இருக்கறதுக்கே எலி ஏன் ஆன்டிபாடி செய்யணும்? ஒண்ணு இது பெரிய விஷயம், இல்லன்னா தப்பு. எதுன்னு எனக்கே தெரியல."

அந்தக் குழப்பத்தோடு ஊருக்கு வந்தபோது வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவளுக்குக் குழந்தையில்லை. என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போய், மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைப் பட்டையை நீட்டினாள். ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, இருக்கிறதா இல்லையா என்பதுபோல.

"இது கோடா, இன்னா? நீ இதான பண்ணிக்கினு கீற?"

அந்தப் பட்டைக்குள் இருப்பதும் நாங்கள் செய்வது போன்ற ஆன்டிபாடிதான். எத்தனை மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணில் அந்த எலியின் கோடுதான் நின்றது.

"தெரியலக்கா. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு."

"ஈக்குப் புள்ள பொறக்கறதுக்கு அவ்ளோ படிச்ச. எனக்கு ஒண்ணு சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை மேடம் ஒரு யோசனை சொன்னார். எங்கள் ஆன்டிபாடியை ஊற்றாமலே, எலியின் ஆன்டிபாடி எதுவானாலும் அதில் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் எலிச் சாற்றில் ஊற்றினேன். அதே இடத்தில் அதே கோடு. எலியின் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஆன்டிபாடியைத்தான் அது காட்டியிருந்தது.

"ஈக்கு வேலை செய்யுது இல்ல, அது போதும்" என்றார் மேடம். பெரிய விஷயம் கைநழுவியதற்கு வருத்தப்படுவதா, தப்பைக் கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்கா பூத்திலிருந்து போன் பண்ணினாள். காஞ்சிபுரத்தில் ரத்தம் பார்த்து டாக்டர் உறுதி செய்திருந்தார்.

"அன்னிக்கே ஆமான்னு சொல்றதுக்கு இன்னாடி?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.