வந்ததும் சொல்லுங்க

இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் மனைவியின் போன் அடித்தது. கல்லூரியில் பாடம் நடத்தியவள். அவள் இறந்ததிலிருந்து அது என் பையில்தான் இருக்கிறது.

"மிஸ்ஸுங்களா?"

"அவங்க ஹஸ்பெண்ட்மா. சொல்லு."

"சார், எம்.எஸ்ஸி சீட்டு கெடைச்சிருக்கு. ஃபீஸுக்கு எங்க போறதுன்னு அப்பா வேணாம்னு சொல்லிக்கினு இருக்காரு."

"சாதி, வருமான சர்டிபிகேட் இருக்குல்ல? போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் போடு."

"அது பத்தாவது முடிச்ச பசங்களுக்குத்தான சார்?"

"பத்தாவதுக்கு அப்புறம் எது படிச்சாலும் உண்டும்மா. எம்.எஸ்ஸிக்கும்."

மனைவி தினமும் மாணவர்களிடம் போனில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான பதில்.

"ஐயோ, தேங்க்ஸ் சார்! மிஸ்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"அவங்க இல்லம்மா."

"பரவால்ல சார். வந்ததும் சொல்லுங்க, மயிலம் பொண்ணு சேர்ந்துடுவான்னு."

சரி என்றேன்.

இறங்கியதும் மனைவியின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன். ஸ்காலர்ஷிப் சந்தேகம் இருந்தால் நீங்களும் கூப்பிடுங்கள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரே பதில்தான்.